மணற்காட்டில் ஓர் இரவு

"முகாம்" என்ற சொல் எங்கள் வீட்டில் சிரித்துப் பேசும் சொல் அல்ல. அதனால்தான் சென்ற சோளகக் காலத்து விடுமுறையில் டுபாயிலிருந்து வந்த ராத்தாவின் மகன், "உம்மம்மா, நாங்க ரெண்டு பேரும் பாலைவனத்துல கேம்ப்ல தங்கினோம்" என்று தன் கைபேசியை நீட்டியபோது, உம்மா அதைக் கையில் வாங்காமலே கேட்டார்:

"ஏன் மகன், உங்களையும் யாராவது எழுப்பி விட்டுட்டாங்களா?"

பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் முகம் சிவந்து போயிற்று. அவனுடைய மனைவிதான் நிலைமையைச் சமாளித்தாள். "இல்ல உம்மம்மா, இது காசு கட்டிப் போற கேம்ப்" என்றாள். உம்மா இன்னும் வியப்படைந்தார். "காசு குடுத்தா முகாமுக்குப் போனீங்க?"

படங்களை நானும் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. செம்மண் நிறத்தில் மணல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. அதன் நடுவே பதுவிகளின் கூடாரத்தைப் போலக் கட்டிய அறைகள். உள்ளே கம்பளம், பித்தளை விளக்கு, குளிரூட்டி, கட்டில், வெளியே சிறியதொரு நீச்சல் தடாகம். ஓர் இரவுக்கு அவன் சொன்ன தொகையை ரூபாவில் பெருக்கிப் பார்த்தால் என்னுடைய மூன்று மாதச் சம்பளம். (உம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.) கூடாரத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறது வெள்ளை நிற மான் ஒன்று. கொம்பு இரண்டும் வாள் போல நீண்டிருக்கின்றன. அதுதான் அறபு நாட்டு "மஹா". அழகிய பெண்ணின் கண்ணை மஹாவின் கண்ணுக்கு ஒப்பிடாத பழைய அறபுக் கவிஞர் குறைவு. நானும் வருடா வருடம் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் அந்தக் கண்ணை அன்றுதான் பார்த்தேன். வேட்டையாடி வேட்டையாடி 1972இல் காட்டில் அந்த இனமே இல்லாமற் போய்விட்டது. பின்னர் மிருகக்காட்சிச் சாலைகளில் மிஞ்சியவற்றைப் பெருக்கி, 1982இல் ஓமானில் மீண்டும் பாலைவனத்தில் விட்டார்கள். டுபாயிலும் 2003ஆம் ஆண்டில் 225 சதுர கிலோமீற்றர் மணல் நிலத்தை வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கி அங்கே இவற்றை வளர்க்கிறார்கள்.

சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலைவனத்துக்குக் காசு கொடுத்துப் போவது இந்தக் காலத்துப் பணக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் அல்ல. மக்கத்துக் குறைஷிகள் தங்கள் பச்சைக் குழந்தைகளைப் பாலைவனத்துப் பெண்களிடம் கூலி பேசிக் கொடுத்து வளர்த்தார்கள். நல்ல காற்றும் கலப்பில்லாத அறபு மொழியும் கூடாரத்தில்தான் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அன்னை ஹலீமா (ரலி) எடுத்துச் சென்றது அப்படித்தான். "சஃபாரி" என்ற சொல்லே நம்முடைய "ஸஃபர்" ஆபிரிக்கக் கரைக்குப் போய் ஸ்வாஹிலி மொழியில் உருமாறி வந்ததுதான். "முகாம்" மட்டும் என்ன? அதுவும் அறபுச் சொல்லே. தங்குமிடம் என்று பொருள். மகாமு இப்ராஹீமும் இகாமத்தும், வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகள் "இக்காமா" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் அட்டையும் ஒரே வேரில் முளைத்தவை.

இவ்வளவு வியாக்கியானமும் நான் சொல்லி முடிக்க, உம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம யாழ்ப்பாணத்திலயும் பாலைவனம் மாதிரி ஒரு இடம் இருக்குதாமே. உங்க வாப்பா ஒரு நாள் காட்டுறேன் காட்டுறேன் எண்டவர். காட்டாமலே மௌத்தாகிட்டார்."

மணற்காட்டைத்தான் சொன்னார்.

அப்படித்தான் இந்தப் பயணம் தீர்மானமாயிற்று. மருமகன் நகரத்தில் யாரிடமோ மூன்று கூடாரங்களை வாடகைக்கு எடுத்தான். உம்மாவுக்கு ஒன்று, அவனுக்கும் மனைவிக்கும் ஒன்று, எனக்கும் என் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் பெரிதாக ஒன்று. மணற்காட்டில் மீன்பிடிக் குடும்பம் ஒன்று தன் வளவில் கூடாரம் அடிக்கச் சம்மதித்தது. கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்கார அம்மாவின் மகன் எனக்குப் பழக்கமானவர்.

ஐந்து சந்தியிலிருந்து ளுஹர் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். பருத்தித்துறை வீதியில் தோட்டங்களும் கிணறுகளும் பனைகளும் ஓடி மறைய, வல்லை வெளி வருகிறது. மரம் மட்டையில்லாத வெட்டை. காற்று வேனையே ஒரு பக்கம் தள்ளியது. நெல்லியடியும் பருத்தித்துறையும் கடந்து கிழக்குக் கரையோரமாகத் திரும்பினால் வல்லிபுரம். அங்கே 1936இல் பொன்னேடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அநுராதபுரத்தை ஆண்ட வசப மன்னனுடைய காலத்தது. அந்த மணலின் கீழே எத்தனை ஊர்கள் உறங்குகின்றனவோ! குடத்தனையைத் தாண்டியதும் தெருவோரம் வெளுக்கத் தொடங்கிவிடும். பிறகு சவுக்கந்தோப்பு. அதன் அப்பால் மணல்.

டுபாய் மணல் செம்மை. நம்முடையது வெள்ளை. மேடு மேடாக, சில இடங்களில் பனையின் கழுத்தளவு உயரம். மருமகன் முதலில் "இவ்வளவுதானா?" என்றான். அவன் பார்த்தது கண்ணுக்கெட்டிய தூரம் வரையல்லவா! உண்மையில் மணற்காடு பாலைவனமே அல்ல. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றுடன் இங்கே மழை கொட்டும். கடல் ஒதுக்கிய மணலைக் காற்று அள்ளி அள்ளிக் குவித்த மேடுகள் இவை. வாடை ஒரு பக்கம் தள்ளும், சோளகம் மறு பக்கம் தள்ளும். மேடு நடந்துகொண்டே இருக்கும். நடக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பவை இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் சவுக்கு மரங்களும்தான். பிடிக்க முடியாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது பழைய அந்தோனியார் கோவில். கூரை இல்லை. சுண்ணக்கல் சுவர்களும் வளைவுகளும் மட்டும் மணலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றன. என் சிறிய மகள் அந்த வளைவைப் பார்த்து, "வாப்பா, இது பள்ளிவாசலா?" என்று கேட்டாள். கைவிடப்பட்ட பள்ளிவாசலின் சுவர்களை அவள் சோனகத் தெருப் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவள். கேள்வியில் பிழையில்லை.

கூடாரம் அடிப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. டுபாய் மருமகன் முளைகளை அடிக்க அடிக்க அவை மணலில் வெண்ணெயில் கத்தி போல இறங்கி, காற்று ஒரு தரம் வீசியதும் வெளியே வந்து விழுந்தன. அங்கெல்லாம் வேலையாட்கள் கட்டி வைத்த கூடாரத்துக்குள் புகுந்து படுத்தவனுக்கு இது எங்கே தெரியும்! வீட்டுக்கார அம்மாவின் பேரன் ஓடிவந்து நான்கு உரப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டிக் குழி தோண்டிப் புதைத்தான். அதன்பின் அசையவில்லை.

அஸர் நேரம் வந்தது. மருமகன், "மாமா, பாலைவனம்தானே, மணலிலேயே தயம்மும் செய்யலாமா? கஸ்ரும் உண்டா?" என்று கேட்டான். இரண்டும் இல்லை என்றேன். வீட்டிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில்தான் வந்திருக்கிறோம். கஸ்ருக்கு இரண்டு மர்ஹலா வேண்டும், எண்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். தயம்முமோ தண்ணீர் இல்லாதவருக்கு. அதிலும் நம் ஷாஃபிஈ மத்ஹபில் தூசி ஒட்டும் மண் வேண்டும், கழுவிவிட்டது போன்ற இந்த வெள்ளை மணல் போதாது. "தண்ணி எங்க மாமா?" என்றான். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டு, "உங்கட காலுக்குக் கீழ தம்பி" என்றார்.

மேட்டின் அடிவாரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பூவல் என்று சொல்வார்கள். இடுப்பளவு ஆழம்தான். அடியில் தெளிந்த தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்கிறது, ஆனால் இந்தத் தண்ணீரில் உப்பு இல்லை! எங்கள் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. மழைதான் ஆறு. பெய்த மழையை இந்த மணல்மேடுகள் பஞ்சுபோலக் குடித்து வைத்துக்கொள்கின்றன. நல்ல தண்ணீர் இலேசானது, உவர்த்தண்ணீர் கனமானது. ஆகவே நல்ல தண்ணீர் மேலே மிதந்து, கடல் நீரைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. மேடு உயர்ந்திருக்கும்வரை அது நிற்கும். மேட்டை வெட்டி எடுத்தால் சேமிப்பும் போகும், உவர் மேலேறும்.

வெட்டி எடுக்கிறார்கள் என்பதுதான் அந்த ஊர்ச் சனங்களின் பெரிய கவலை. வீடு கட்ட மணல் வேண்டும், யாருக்குத்தான் வேண்டாம்? நாங்கள் மீளக் குடியேறியபோது எங்கள் வீட்டுச் சுவருக்குக் குழைத்த மணல் எந்த மேட்டில் இருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம். ஆனாலும் இரவில் உழவு இயந்திரச் சத்தம் கேட்கும் என்று அந்த அம்மா சொன்னார். அங்கே ஒரு நாடு தன் மணலுக்கு வேலி போட்டு மானை வளர்க்கிறது. இங்கே நாம் மணலைப் பெட்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.

மஃரிபுக்குப் பிறகு உணவு. உம்மா வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டு வந்திருந்தார். வீட்டுக்கார அம்மா எங்களுக்கென்றே புதுச்சட்டியில் ஒடியற் கூழ் காய்ச்சியிருந்தார். நண்டும் இறாலும் மீனும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும், சுள்ளென்ற உறைப்பும். "சட்டி புதுசு. உங்கட ஆக்கள் பார்ப்பினம் எண்டு தெரியும்" என்று அவர் சொன்னபோது என் வீட்டார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். கிழக்கே கடலுக்கு மேல் நிலா ஏறியது. வெள்ளை மணல் பால் கொட்டியது போலாயிற்று.

பிள்ளைகள் கதை கேட்டார்கள். மணலில் உட்கார்ந்துகொண்டு நான் வேறு எந்தக் கதையைச் சொல்வேன்? பயிர் பச்சையில்லாத பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு விடப்பட்ட அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் கதை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடியதும், குழந்தையின் அருகே ஸம்ஸம் ஊறியதும் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதற்குப் பின் வருவதைத்தான் நாம் குறைவாகச் சொல்கிறோம். பறவை வட்டமிடுவதைக் கண்டு ஜுர்ஹும் கூட்டத்தார் வந்து, தண்ணீரருகே தங்கலாமா என்று அந்தத் தனித்த பெண்ணிடம் அனுமதி கேட்டார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்று அன்னை நிபந்தனை போட்டார்கள். ஏற்றுக்கொண்டு தங்கினார்கள். ஊர் உண்டாயிற்று. மக்கத்தில் முதன்முதல் குடியிருக்க அனுமதி கொடுத்தவர் ஒரு பெண்!

இஷா முடிந்தது. பிள்ளைகள் கூடாரத்துக்குள் பாய்ந்தார்கள். உம்மாவுக்கென்று மருமகன் தனியே மெத்தை விரித்து, தலையணை வைத்து, உள்ளே சிறிய விளக்கும் தொங்கவிட்டிருந்தான். உம்மா வாசல்வரை போனார். குனிந்தார். கூடாரத் துணியைக் கையால் தொட்டார். பிறகு நிமிர்ந்து திரும்பி வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இங்கயே இருக்கிறேன் மகன்."

"பனி விழும் உம்மா. உள்ள போய்ப் படுங்க."

"அந்த மணம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில் பட்ட தறப்பாளின் மணம்! 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டுமென்று ஆயுதம் ஏந்தியவர்கள் கட்டளையிட்டபோது எனக்கு ஒன்பது வயது. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். உம்மாவின் காதில் அதன்பிறகு பல வருடம் வேப்பங்குச்சிதான் இருந்தது. புத்தளத்தில் முதலில் பாடசாலைக் கட்டடம், பிறகு தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டில், மழை வந்தால் மேலே தறப்பாள். எனக்கு அதெல்லாம் விளையாட்டும் பசியும் கலந்த ஒரு ஞாபகம். உம்மாவுக்கு என்னவென்று நான் கேட்டதேயில்லை. கேட்காமலே அவரைக் கூட்டி வந்து, மகிழ்ச்சியடைவார் என்று நினைத்து ஒரு கூடாரத்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

சிறிது நேரம் கழித்து உம்மாவே பேசினார். என் தம்பி முகாமில் பிறந்தவன் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் பிறந்தான் என்பது தெரியாது. அது மாரிமழை இரவு. கொட்டிலுக்குச் சுவரில்லை, மூன்று பக்கமும் தறப்பாள், அதுவும் காற்றில் பறந்துவிட்டது. அயல் கொட்டில் பெண்கள் நான்கு பேர் தங்கள் சேலைகளை விரித்துச் சுற்றிவரப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், ஸுப்ஹு வரைக்கும், நனைந்துகொண்டு. "அந்த நாலு பேரும் இப்ப மௌத்து. பேர் சொல்லித் துஆ கேட்காத நாள் இல்லை" என்றார்.

வீட்டுக்கார அம்மா எப்போது வந்து நின்றாரோ தெரியாது. "அம்மா, எழும்பி வாங்கோ. விறாந்தையில பாய் போட்டிருக்கு. நானும் அதிலதான் படுக்கிறனான்" என்று உம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். "சுனாமிக்குப் பிறகு எங்களுக்கும் தறப்பாள்தான். எனக்கும் அந்த மணம் தெரியும்."

2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையெல்லாம் கடல் ஏறியது. சற்றுத் தெற்கே உடுத்துறையில் இறந்தவர்களுக்கான நினைவாலயம் இருக்கிறது. தானும் பிள்ளைகளும் மணல்மேட்டின் உச்சிக்கு ஓடியதால்தான் தப்பியதாக அந்த அம்மா சொன்னார். போரினால் எத்தனை முறை எழும்பி ஓடினார், எங்கெங்கே இருந்தார் என்பதெல்லாம் அந்த விறாந்தையில் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடாரத்துக்குள் விழித்தபடி கிடந்தேன். நடுவில் இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிவாரணத்தில் வந்த பருப்பைப் பற்றி என்று நினைக்கிறேன்.

உம்மாவுக்கு நான் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கற்பிட்டிப் பக்கத்தில் நம் அகதி மக்கள் கிடுகுக் கொட்டில் போட்டிருந்த ஆலங்குடாவின் கரையில், இப்போது வெளிநாட்டார் வந்து தங்குவதற்கென்று கிடுகு வேய்ந்த சொகுசு விடுதிகள் இருக்கின்றன. அதே கடல், அதே மணல், அதே கிடுகு. அதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. அந்த விடுதிகளில் நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். நாளை மணற்காட்டிலும் அப்படி ஒன்று எழும்பலாம். எழும்பினால் பூவல் யாருடையது, மேட்டுக்கு யார் பொறுப்பு என்பதை அந்த ஊர்ப் பெண்களிடம் அனுமதி கேட்டு எழுப்பட்டும். ஜுர்ஹும் கூட்டத்தார் கேட்டது போல.

போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில விபரம். மாரிகாலத்தில் போக வேண்டாம், பாதையும் கடலும் சரியில்லை. சித்திரைக்குப் பிறகு நல்லது, ஆனால் நடுப்பகலில் மணல் காலைச் சுடும், அஸருக்குப் பின் ஏறுங்கள். நிழலுக்குச் சவுக்கந்தோப்பு உண்டு. மலசலகூட வசதிக்கு முன்கூட்டியே ஒரு வீட்டில் பேசி வையுங்கள், பெண்களுக்கு அதுதான் முதல் ஏற்பாடு. பழைய கோவிலின் சுவரில் பிள்ளைகளை ஏறவிட வேண்டாம், அது இன்னொருவருடைய வணக்கத்தலம். அடம்பன் கொடியைப் பிடுங்க வேண்டாம். பொலித்தீனை மணலில் புதைக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். பருவம் பார்த்து இன்னும் தெற்கே சுண்டிக்குளம் வரை போனால் பூநாரைகளைக் காணலாம். 1938 முதல் அது பறவைகளுக்கான சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மஹா இல்லை, அதனாலென்ன?

ஸுப்ஹுக்குக் கிப்லாவை நோக்கி, மேற்கிலிருந்து சற்று வடக்காக, மணல்மேட்டைப் பார்த்து நின்று தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது முதுகுப்புறத்துக் கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. கரைவலை இழுக்கும் குரல் கேட்டது. உம்மா எங்களுக்கு முன்பே எழும்பியிருந்தார். பூவலடியில் மருமகனின் மனைவி வாளியால் தண்ணீர் மொண்டு கொடுக்க, சேலையைச் சற்றே தூக்கிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மகள், அந்த டுபாய் கேம்புல தண்ணி எங்கயிருந்து வாறது?"

"குழாயில உம்மம்மா. கடல் தண்ணியிலதான் உப்பை எடுத்துட்டு அனுப்புவாங்க."

உம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையிலிருந்த வெறும் போத்தலைக் கழுவி, பூவல் தண்ணீரை நிரப்பி மூடினார். வீட்டுக்கார அம்மாவிடம், "எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். "ஐயோ, இதுக்குக் கேக்கிறியளே" என்றார் அவர்.

வேன் குடத்தனைச் சந்தியில் திரும்பும்வரை அந்தப் போத்தல் உம்மாவின் மடியிலேயே இருந்தது.